மகாராணி அணுகுண்டும் பழைய வேட்டிச் சங்கமும்

ரோஷன் பேகத்தைத் தியாகி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தியாகி என்றால் கொஞ்சமாவது அடக்கம் வேண்டும். பேகம் தூங்கும்போது மட்டும்தான் பேசாமல் இருப்பாள் என்று நான் சொல்லுவேன். அவள் வீட்டுக்காரர் செய்யது அபுதாஹிர் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். என் பெயர் சுப்புலட்சுமி. விருதுநகரில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பருப்பு மண்டி. பேகமும் நானும் ஒரே சங்கம். அவள் தலைவி, நான் செயலாளர். அதாவது அவள் சண்டை போடுவாள், நான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்பேன்.

சங்கத்துக்குப் பதிவுப் பெயர் ஒன்று உண்டு. அன்பு, கருணை, மகளிர், சேவை என்று நாலு சொல்லும் அதில் வரும். எந்த வரிசையில் வரும் என்பது எங்களுக்கே சரியாக நினைவில்லை. ஊரில் பழைய வேட்டிச் சங்கம் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

பட்டாசு ஆலையில் தீப்பட்டு ஆசுபத்திரிக்கு வருகிறவர்களுக்குப் புதுத்துணி ஆகாது. கஞ்சி போட்ட துணியும் முரட்டுப் போர்வையும் வெந்த தோலில் ஒட்டிக்கொண்டால், பிரித்தெடுக்கும்போது உயிரே போய்விடும். வருடக்கணக்காகக் கட்டி, துவைத்துத் துவைத்து, இனிமேல் கட்டினால் மானம் போய்விடும் என்ற நிலைக்கு வந்த வேட்டி இருக்கிறதே, அதுதான் மெத்தென்று இருக்கும். அதை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, வெந்நீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, தீக்காய வார்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை. கரையை மட்டும் வெட்டிவிடுவோம், உடம்பில் உரசும். கட்சிக்கரை வேட்டிகள் நிறைய வரும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு கட்சியின் கரைகளும் ஒரே கூடையில் கிடந்த காலம் உண்டு. அவற்றைக் கொண்டுதான் மூட்டை கட்டுவோம்.

வேட்டி கேட்பதிலும் பேகத்துக்கு ஒரு முறை இருந்தது. பஜாரில் போகிற மனிதரை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "அண்ணாச்சி, கட்டியிருக்கீகளே, இது எங்களுக்கு எப்பக் கெடைக்கும்?" என்பாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் போட்டோகிராபரோடு வந்து, கட்டுப் பிரிக்காத புது வேட்டிகளை அடுக்கிக் கொடுத்தார். பேகம் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி, இத நீங்க ஒரு அஞ்சு வருசம் கட்டிட்டுக் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த மன்னிப்பைக் கேட்க நான் மூன்று தடவை அவர் வீட்டுப் படியேறினேன்.

இதில் பெரிய கூத்து, அபுதாஹிர் பாயின் தொழில். அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. பழைய துணி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் ஆட்கள் அவரிடம்தான் சரக்கு எடுத்துத் தெருத் தெருவாகச் சுமப்பார்கள். அவர்கள் ஒரு தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே இவள் போய் வேட்டிகளைக் காலி செய்துவிடுவாள். என் வியாபாரத்தைக் கெடுக்க வெளியிலிருந்து எதிரி வரவேண்டியதில்லை என்று பாய் சொல்லுவார். சொல்லிவிட்டு அவரே இஸ்திரிப் பெட்டிக்குக் கரி எடுத்துப் போடுவார்.

வேட்டி கொடுத்ததோடு வேலை முடிந்தால் பரவாயில்லை. வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு துணை வேண்டும். பெண்டாட்டி கூலிக்குப் போனால் பக்கத்தில் ஆள் இருக்காது. அந்த நேரம் பேகம் உட்காருவாள். அந்த வார்டில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளாத குடும்பம் கிடையாது. குணமாகிப் போனவர்களைத் தெருவில் பார்த்தால், "அம்மனுக்குச் செஞ்சாச்சா? சாமிகிட்டக் கடன் வைக்காத" என்று ஞாபகப்படுத்துவதும் அவள்தான். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவள் மாரியம்மனுக்கு வசூல் பண்ணுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு ஒரு பகையும் சேர்ந்தது. ஆள் பெயர் சண்முகவேல். எந்தக் கம்பெனியிலும் அவருக்கு நாற்காலி கிடையாது. நாலைந்து கம்பெனிக்கு ஒரு சங்கடம் என்றால் வருகிற மனிதர். கையில் ஒரு பை சாத்துக்குடியோடு வருவார். தம்பி, தங்கச்சி என்று உருகுவார். உரித்துக்கூடக் கொடுப்பார். எழுந்திருக்கும்போது ஒரு தாளில் கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போவார். வெந்துபோனவன் எங்கள் கம்பெனி ஆளே இல்லை, அல்லது அவன் பீடி பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று அதில் இருக்கும். பேகம் கட்டில் பக்கத்தில் இருந்தால் அந்தத் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்துவிடுவாள். அதனால் அவள் இருக்கும் நேரத்தில் சண்முகவேலின் சாத்துக்குடி வாசலோடு நின்றுவிடும். தீக்காயக் குடும்பங்கள் எங்களை நம்பினதற்கு வேட்டி பாதிக் காரணம், இது பாதிக் காரணம்.

இந்த நிலைமையில்தான், இரண்டாயிரத்து ஆறாம் வருடம், தீபாவளிச் சீசன் சூடுபிடித்திருந்தபோது, மூன்று கல்லூரிப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். ஊரில் சத்தமில்லாமல் நல்லது செய்கிற சங்கங்களின் கதைகளை எழுதி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அநாதைப் பிணம் அடக்கம் பண்ணுகிறவர்கள், ரத்தம் கொடுக்கிறவர்கள், நோன்புக்கஞ்சி காய்ச்சுகிறவர்கள் என்று வரிசையாக முடித்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார்கள். ராம்குமார் கையில் கேமரா. நாஜியா கையில் டேப். மூன்றாவது ரோஷினி, சிவகாசி அச்சக முதலாளி சங்கரபாண்டியனின் மகள். அப்பா புத்தகத்தை இலவசமாக அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சேவை செய்கிற ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் ஒரு துக்கம் நடந்திருக்க வேண்டும் என்று. உங்கள் வாழ்க்கையையே மாற்றிய சம்பவம் என்ன ஆன்ட்டி என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். ஆன்ட்டி என்றதிலேயே பேகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. தனித்தனியாகக் கேட்டவர்களுக்குத் தனித்தனியாக ஒரு கதை விட்டாள். நாஜியாவிடம், செத்துப்போன அம்மா கனவில் வந்து சொன்னதாகச் சொன்னாள். ராம்குமாரிடம், அத்தா, அதாவது அப்பா, தீ விபத்தில் போய்விட்டதாகச் சொன்னாள். அவள் அத்தா எண்பது வயதில், ஒரு கல்யாணப் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏப்பத்தோடு போனவர். ரோஷினிக்குச் சொன்ன கதையை இங்கே எழுத முடியாது, அதில் நான் வில்லி.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். கொழுந்தனார் கால் ஒடிந்து ஆசுபத்திரியில் கிடந்தார். பேகம் அவருக்குச் சோற்றுப் பாத்திரங்களைப் பாயின் பழைய வேட்டியில் கட்டி எடுத்துப் போனாள். பக்கத்து வார்டில் ஒருத்தி மெத்தென்ற துணி கேட்டு அலறிக்கொண்டிருந்தாள். மூட்டையை அவிழ்த்து வேட்டியைக் கொடுத்துவிட்டு, பாத்திரங்களைக் கையில் அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் இன்னொரு வேட்டி எடுத்துப் போனாள்.

மூன்று கதையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த நாஜியா, எது நிஜம் என்று கேட்டுத் திரும்பி வந்தாள். "ஒனக்கு எதுல அழுக வருதோ அதப் போட்டுக்க தாயி" என்றாள் பேகம். பிள்ளைகள் மூன்றையும் கலந்து எழுதி, மேலே 'தியாகச் சுடர்' என்று தலைப்பு வைத்தார்கள். தீக்காய வார்டில் வேலை செய்கிறவளுக்கு வைக்கிற பெயரா அது?

போட்டோவுக்கு மட்டும் மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். கடைசியில் முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு, வேட்டி அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராம்குமார் கேமராவைத் தூக்கிய நேரம், அந்த அடுக்கில் எந்த வேட்டி எந்தப் பிரமுகருடையது, அதில் எங்கெங்கே ஓட்டை என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. படம் நன்றாகவே வந்தது. ரோஷினி அதை ஒரு சிடியில் போட்டு, அப்பாவின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெயச்சந்திரனிடம் கொடுத்தாள்.

சிவகாசியில் பட்டாசு லேபிளில் போடுகிற படத்துக்கும் உள்ளே இருக்கிற சரக்குக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெடிப் பெட்டியில் பூனைக்குட்டி இருக்கும். சங்குசக்கரத்தில் வெள்ளைக்காரக் குழந்தை பல் தேய்க்கும். கைக்கு எது பளிச்சென்று கிடைக்கிறதோ அது லேபிள். அந்த வாரம் வடக்கேயிருந்து 'மகாராணி அணுகுண்டு' என்ற வெடிக்கு லேபிள் கேட்டு ஒரு அவசர ஆர்டர். அனுப்புகிறோம் என்று சொன்ன படம் வரவில்லை. மெஷின் சும்மா நிற்கிறது, முதலாளி கத்துகிறார். மேஜையில் கிடந்த சிடியை ஜெயச்சந்திரன் போட்டுப் பார்த்தார். முக்காடு போட்ட ஒரு பொம்பளை வாய்நிறையச் சிரிக்கிறாள். டெல்லிப் பக்கத்து மகாராணி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. முக்காட்டின் மேல் ஒரு கிரீடம் வைத்தார். மடியில் இருந்த வேட்டி அடுக்கை அழித்துவிட்டு ஒரு கோட்டையை வைத்தார். பின்னால் நட்சத்திரம் தெறிக்கவிட்டார்.

வடக்கே போகிற சரக்கை இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாராம். லேபிளை ஒட்டுகிற கை இங்கேதானே இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. விஸ்வநத்தம் பக்கத்திலும் அச்சங்குளம் பக்கத்திலும் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். மைதாப் பசை காய்ச்சி, லேபிளைக் கவிழ்த்துப்போட்டு, தடவித் தடவி ஒட்டுவார்கள். அந்த மாதம் பேகத்தின் முகத்துக்குப் பசை தடவாத வீடு அந்த ஊர்களில் குறைவு. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் வேட்டி அவித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை, அச்சங்குளத்துக்குப் பக்கத்து ஆலை ஒன்றில் மருந்து கலக்கும் அறை பற்றி எரிந்து, சோலைச்சாமி என்பவரைக் கொண்டுவந்து போட்டார்கள். முதுகும் இரண்டு கையும் வெந்திருந்தன. குப்புறக் கிடந்தார். நினைவு இருந்தது, பேச்சு இல்லை. பெண்டாட்டி மாரீஸ்வரி தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மா சொல்லி நாங்கள் வேட்டியை விரித்திருந்தோம். அவள் எங்களைக் கவனிக்கக்கூட இல்லை. மறுநாள் காலையில் பேகம் குனிந்து, சாப்பிட்டியா தாயி என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள். பிறகு எழுந்து, ஓரத்தில் மடித்து வைத்திருந்த மாற்று வேட்டிகளை எடுத்துப் பேகத்தின் காலடியில் போட்டாள்.

"இந்த மூஞ்சிய ஒட்டி ஒட்டி என் கைரேக அழிஞ்சிருக்கு. பெட்டி மேல கிரீடம் வச்சுச் சிரிக்கீக. இங்கன வந்து சாப்பிட்டியாங்கீக. கம்பெனிக்காரன் வேட்டி எங்களுக்கு வேண்டாம்" என்றாள்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி தன் மகளை வீட்டுக்கு அனுப்பி, ஒரு லேபிளைக் கொண்டுவரச் செய்து காட்டினாள். நான் பார்த்தேன். சிரிக்கக் கூடாத நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கிரீடம் அவளுக்கு அவ்வளவு பொருத்தம். பேகம் என்னைப் பார்த்த பார்வையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அதற்குள் இன்னும் மூன்று கட்டில்களிலிருந்து வேட்டிகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு கட்டிலாகப் போய், படம் எனக்குத் தெரியாமல் போட்டது என்று சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை, நம்பவும் இல்லை. தெரியாமலா கிரீடம் வைப்பான் என்று ஒரு கிழவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அன்று முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பேசவே இல்லை. அவள் பேசமாட்டாளா என்று பல நாள் நான் வேண்டியிருக்கிறேன். அன்றைக்குப் பேசாமல் இருந்தபோது பயமாக இருந்தது. சாயங்காலம் சண்முகவேல் சாத்துக்குடிப் பையோடு எங்களைத் தாண்டி உள்ளே போனார். போகும்போது அவளுக்கு ஒரு வணக்கமும் வைத்தார். உள்ளே மாரீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். இரண்டு நாளில் தாளோடு வருகிறேன், ரேகை வைத்தால் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும் என்று சொல்லியிருக்கிறார். மாரீஸ்வரி தலையாட்டியிருக்கிறாள். அந்தத் தாளில் ரேகை விழுந்துவிட்டால் அந்தக் குடும்பம் அதன் பிறகு எங்கே போயும் ஒன்றும் கேட்க முடியாது. அதைச் சொல்லக்கூடியவளைத்தான் வாசலுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் சிவகாசிக்கு பஸ் ஏறினோம். சங்கரபாண்டியன் மரியாதைக்காரர். காபி வரவழைத்தார். லேபிள் விஷயம் தெரிந்ததும் ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டு எங்கள் எதிரில் திட்டினார். திட்டி முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி, சரக்கு லோடு ஏறிப் போய்விட்டதே அம்மா என்றார். நடிகைகளே காசு வாங்கிக்கொண்டுதான் லேபிளுக்கு முகம் காட்டுகிறார்கள், உங்களுக்கு வலிய வந்த பெருமை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். புத்தக வெளியீட்டு விழாவில் பெரிய பொன்னாடையாகப் போர்த்தச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

பேகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்க வார்டுக்கு வந்து அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். படத்த நான் குடுக்கல, நீங்களா எடுத்துக்கிட்டீகன்னு."

அவர் கையைப் பிசைந்தார். மச்சினனுக்கு அந்தப் பக்கத்தில் ஆலை இருக்கிறது, நான் வார்டுக்குள் காலை வைத்தால் பேப்பர்க்காரன் வேறு மாதிரி எழுதுவான், மற்றபடி எதுவேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். ஒரு வார்த்தையைக் கேட்டு வந்தவளிடம் மற்றபடி எதுவேண்டுமானாலும் என்று சொல்லுகிற தாராளம் பெரிய மனிதர்களுக்குத்தான் வரும். நான் அந்தக் காபியைக் குடித்துவிட்டிருந்தேன்.

நாங்கள் பேசியதை ரோஷினி கதவருகில் நின்று கேட்டிருக்கிறாள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவே மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து 'தியாகச் சுடரை' அடித்துப்போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார்கள். கனவு, அத்தா, துக்கம் ஒன்றும் கிடையாது. நான் எப்போதோ நாஜியாவிடம் சொல்லியிருந்த வேட்டி மூட்டையிலிருந்து ஆரம்பித்து, லேபிள், திரும்பி வந்த வேட்டிகள், வார்டுக்கு வரமாட்டேன் என்ற அச்சக முதலாளி வரை. எழுதியதெல்லாம் சரி. விடிந்ததும் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? அதே அச்சகத்தில். இலவசமாக அடித்துத் தருகிற இடம் அது ஒன்றுதானே. புத்தகம் அங்கேதான் அச்சாகிறது, அதனால் பக்கமும் அங்கேதான் போக வேண்டும் என்று பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்கு அச்சாபீஸ் என்றால் அடுப்படி மாதிரி. அங்கே போய் ரகசியம் பார்ப்பார்களா?

ஜெயச்சந்திரன் ஏற்கெனவே ஒரு திட்டு வாங்கியிருந்ததால் இந்த முறை புரூப்பை நேராக முதலாளி மேஜையில் வைத்துவிட்டார். மகள் எழுதியதைச் சங்கரபாண்டியன் கடைசிவரைக்கும் படித்தது அதுதான் முதல் தடவையாம். படித்துவிட்டு வக்கீலுக்குப் போன் போட்டார். கேட்காமல் முகத்தைப் போட்டது தப்புத்தான், அந்தம்மா சம்மதித்ததாக ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் அந்த ஊரில் யாரை அனுப்புவார்கள்?

வியாழக்கிழமை பகல் நாங்கள் மறுபடி வராந்தாவில் இருந்தோம். சோலைச்சாமிக்கு மாரீஸ்வரி கடையில் வாங்கின புது விரிப்பைப் போட்டிருந்தாள். அது கைப் புண்ணில் ஒட்டி, நர்ஸ் கையைப் பிரித்தெடுத்தபோது அவர் போட்ட சத்தம் வெளியே கேட்டது. பேகம் எழுந்துவிட்டாள். வேண்டாம், மறுபடி அவமானப்படாதே என்று நான் முந்தானையைப் பிடித்தேன். உதறிவிட்டு, ஒரு வேட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாரீஸ்வரி அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேகம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வேட்டியோடு நின்றாள். நானும் பின்னால் போய் நின்றேன்.

அந்த நேரத்தில்தான் சண்முகவேல் வந்தார். கையில் இரண்டு சாத்துக்குடிப் பை. ஒரு பையை மாரீஸ்வரியின் காலடியில் வைத்துவிட்டு, இன்னொன்றைப் பேகத்திடம் நீட்டினார். ஏழைபாழைகளை ஒளித்துவைத்துப் பேசவேண்டிய ஆட்களாக அவர் என்றைக்குமே நினைத்ததில்லை. மாரீஸ்வரி அங்கே இருப்பதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. மொதலாளி ரொம்ப வருத்தப்படுதாக. ஒங்க சங்கத்துக்கு ஒரு வேன் குடுக்கலாம்னு இருக்காக, ஒங்க பேரையே எழுதி. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. படம் போட்டுக்கச் சம்மதம்னு ரெண்டு வரிதான்" என்றார்.

வேன் என்றதும் பேகத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆலையிலிருந்து ஆளைக் கொண்டுவர வண்டி கிடைக்காமல் பால் வண்டியிலும் டிராக்டரிலும் ஏற்றி வந்த கதைகள் எங்களுக்கு நிறைய உண்டு. எங்கள் கூட்டங்களில் கடைசியாகப் பேசிவிட்டு எழுந்திருப்பதே வேனைப் பற்றித்தான். நானாக இருந்தால் போட்டிருப்பேன், உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கையெழுத்து விழுந்தால் மாரீஸ்வரி சொன்னது உண்மையாகிவிடும். பேகம் கம்பெனி ஆள்தான் என்பதற்கு அவள் கையெழுத்தே சாட்சி. பேகம் தாளைக் கையில் வாங்காமல் நின்றாள். சண்முகவேல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியையும் கழற்றி நீட்டினார்.

மாரீஸ்வரி இரண்டு பைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சண்முகவேலைப் பார்த்தாள்.

"அவுக ஒங்க ஆளுதான? ஒங்க ஆளுகிட்ட எதுக்குச் சாத்துக்குடி குடுத்துக் கையெழுத்துக் கேக்கீக?" என்றாள்.

சண்முகவேல் சிரித்து மழுப்பினார். உனக்கு இதெல்லாம் புரியாது தாயி, உன் தாளும் கொண்டுவந்திருக்கிறேன், நீ விரலை மட்டும் வை என்று அதையும் எடுத்தார். மாரீஸ்வரி அந்தத் தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். பிடுங்கிக் கட்டிலுக்குக் குறுக்கே பேகத்திடம் நீட்டினாள்.

"அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல என்ன எழுதிருக்குன்னு வாசிங்க. சத்தமா வாசிங்க, அவருக்கும் கேக்கட்டும்."

பேகத்தை அதற்குமேல் யார் பிடிப்பது? இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமும் சேர்ந்து வந்தது. வார்டில் அத்தனை கட்டிலுக்கும் கேட்டது. வாசலில் டீ விற்கிறவரும் எட்டிப் பார்த்தார். மேற்படி சோலைச்சாமி என்பவர் எங்கள் ஆலையின் தொழிலாளி அல்லர் என்று படித்தாள். சம்பவத்தன்று அவ்வழியே சென்றவர், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க எங்கள் ஆலைக்குள் வந்தபோது, தற்செயலாக விபத்தில் சிக்கிக்கொண்டார் என்று படித்தாள். அந்த இடத்தில் அவளுக்கே குரல் உடைந்துவிட்டது.

குப்புறக் கிடந்த சோலைச்சாமி அப்போது தலையை லேசாகத் திருப்பினார். வந்த நாளிலிருந்து வாய் திறக்காத மனிதர்.

"பதினோரு வருசமாவா லே தண்ணி குடிச்சேன்?" என்றார்.

சண்முகவேல் பேனாவை மூடப் போனார். மூடி கை தவறிக் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுபோனது. அதைக் குனிந்து எடுக்கிற துணிச்சல் அவருக்கு வரவில்லை. பைகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். பேகமும் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரிகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள்.

மாரீஸ்வரி மட்டும் அழவில்லை. அவள் அந்தப் புது விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து, அவருக்கு வலிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உருவத் தொடங்கினாள்.

"பெறகு அழுதுக்கலாம்க்கா. மொதல்ல இந்தப் பக்கம் வாங்க. எனக்கு ஒத்தக் கையால முடியல" என்றாள்.